சம்பந்திக்கு ஒரு நடை

எனக்குக் கல்யாணம் ஆகும்வரை, செத்துப்போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. தரங்கம்பாடியில் எங்களுடையது லுத்தரன் வீடு. எங்களுக்கு இரண்டே இடம்தான். விசுவாசத்தோடு கண்ணை மூடினவர் மூடின கையோடு கர்த்தரிடம் போய்விடுவார்; மற்றவர் மற்ற இடத்துக்கு. நடுவில் தங்கிப் போகச் சத்திரம் ஒன்றும் கிடையாது. பாட்டுப் பாடி அடக்கம் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடித்தால் நம் வேலை முடிந்தது. மிச்சம் ஆண்டவர் பாடு.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கூடப் படித்தவரைக் கட்டிக்கொண்டு, எழுபதுகளின் நடுவில் நான் காரைக்காலுக்கு வந்தேன். அவர்கள் ரோமன் கத்தோலிக்கர்கள். எங்கள் பக்கத்தில் சுருக்கமாக ஆர்.சி. என்போம், சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். தூரம் என்னவோ கைக்கெட்டும் தூரம்தான். பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் கடலையைத் தின்று முடிப்பதற்குள் வந்துவிடலாம். ஆனால் நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வரிசையாகச் சாராயக்கடை வரும். அப்புறம் மாதா சுரூபம் வரும். அம்மா இந்த இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வாள். கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்தது அப்பா. அம்மா வந்தாள், கோவிலில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள், தாலி கட்டி முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். மகளுக்காக உருகி ஜெபம் செய்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் மெச்சிக்கொண்டார்கள். அவளுக்கு விக்கிரகமாகத் தெரிந்த சுரூபங்களைப் பார்க்காமல் இருப்பதற்காக என்று எனக்கு மட்டும் தெரியும்.

புகுந்த வீட்டில் மூன்றாவதாக ஓர் இடம் இருந்தது. உத்தரிக்கிற ஸ்தலம். மோட்சத்துக்குப் போகப் போகிறவர்கள், போவதற்கு முன்னால் மிச்சமிருக்கிற குறையைத் தீர்த்துக்கொள்கிற இடம். இங்கே உயிரோடு இருப்பவர்கள் அவர்களுக்காகச் செபம் செய்தால் சீக்கிரம் வெளியே வரலாம். அங்கே நெருப்பு எரியும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

என் மாமனார் அங்கேதான் இருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. பிரெஞ்சுக்காரர் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாகச் சேர்ந்து சைகோன்வரை போய் வந்தவர், நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார். ஆனால் அத்தை, அதாவது என் மாமியார், அவரைப் பற்றிப் பேசினால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். “ஒங்க மாமாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்மா. குடிச்ச குடி கொஞ்சமா?” என்பார். அதில் வருத்தமே இருக்காது. ஆள் மோட்சத்துக்குப் போவது நிச்சயம். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

இவர்களுக்காக வருஷம் பூராவும் செபம் உண்டு. என்றாலும் நவம்பர் இரண்டாம் தேதி வருகிற ஆத்துமாக்கள் திருநாள்தான் பெரிய அறுவடை. அத்தை சிறு பெண்ணாக இருந்த காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. அன்றைக்குக் கோவிலுக்குள் நுழைந்து, குறிப்பிட்ட மந்திரங்களை ஆறாறு தடவை சொன்னால் ஓர் ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து மோட்சத்துக்குப் போகும். வெளியே வந்து, மறுபடி நுழைந்து, மறுபடி சொன்னால் இன்னோர் ஆத்துமா. எத்தனை தடவை நுழைகிறோமோ அத்தனை பேருக்கு விடுதலை. தண்ணீர்க் குடம் தூக்குகிறவர்கள் சொல்வதுபோல எங்கள் தெருப் பெண்கள் இதற்கு நடை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு நடைக்கு ஓர் ஆத்துமா.

முதல் வருஷம் நான் அதைப் பார்த்தபோது என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. அத்தையும் அவர் வயதுப் பெண்கள் நாலைந்து பேரும் பக்கவாசல் வழியாக வெளியே வருவதும், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சுற்றிப்போய் முன்வாசல் வழியாக உள்ளே நுழைவதுமாக இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நுழைவதற்கு முன்னால், யாருக்காக என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். “இது எங்க சின்னம்மாவுக்கு.” “இது காரைக்கால்மேட்டுல கடலுக்குப் போயி திரும்பலையே, மீன் குடுப்பானே, அவனுக்கு.” நான் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தேன். ஆண்டவரை இவ்வளவு எளிதாக ஏமாற்றிவிடலாமா என்று எனக்கு ஆச்சரியம்.

அந்த வருஷம்தான் புதுச் சாமியார் ஒருவர் வந்திருந்தார். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். ரோமாபுரியில் அந்தச் சட்டத்தை மாற்றிப் பல வருஷமாகிறது, இனிமேல் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், ஓர் ஆத்துமாவுக்குத்தான் என்று பிரசங்கத்தில் படித்துப் படித்துச் சொன்னார். அத்தை முன்னால் உட்கார்ந்து பக்தியோடு தலையாட்டினார். அன்று சாயங்காலமே பக்கவாசலில் மூச்சு வாங்க நின்றார்.

“சாமியார் ஒரு தடவைதான்னு சொன்னாரே அத்தை?”

“சின்னப் புள்ளம்மா. அவருக்கு இன்னும் யாரும் செத்திருக்க மாட்டாங்க” என்றார்.

சாமியார் பக்கவாசலைப் பூட்டிப் பார்த்தார். பெண்கள் சளைக்கவில்லை. முன்வாசலுக்கே வந்து, ஒரு காலை வெளியே வைத்து, அதே காலை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். சுற்றிவருகிற வேலை மிச்சமாயிற்று. அடுத்த வருஷம் அவர் எதையும் பூட்டவில்லை.

அந்த அடுத்த வருஷம் ஆடிக்காற்று வீசுகிற சமயத்தில் அப்பா இறந்துபோனார். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டவர், அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். தகவல் வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறையப் பாட்டுச் சத்தம். எங்கள் ஆட்கள் சாவு வீட்டில் நன்றாகப் பாடுவார்கள். அத்தையும் வந்திருந்தார். ஒரு மூலையில் உட்கார்ந்து, செபமாலையை முந்தானைக்குள் மறைத்து உருட்டிக்கொண்டிருந்தார். அடக்கம் முடிந்து திரும்பி வரும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“அடுத்தது என்னம்மா? ஏழாம் நாளு? முப்பதாம் நாளு?”

“எங்கள்ல அதெல்லாம் இல்ல அத்தை.”

“ஒண்ணுமேவா இல்ல?”

“ஒண்ணுமே இல்ல.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபமாயிற்றே. ஆனால் காரைக்காலுக்குத் திரும்பி வந்த பிறகு நாள் போகப் போக ஒரு விஷயம் புரிந்தது. அத்தைக்கு அவர் புருஷனுக்காகச் செய்வதற்கு ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. மெழுகுவத்தி கொளுத்தலாம், பூசை வைக்கச் சொல்லலாம், நடை போகலாம். என் அப்பாவுக்கு நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அவர் கர்த்தரிடம் சுகமாக இருக்கிறார், என் உதவி தேவையில்லை. அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டே ராத்திரியில் அழுதேன். உண்மையைச் சொன்னால், அத்தையின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அப்பா இருந்தவரை அவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். அம்மா ஒரு தடவைகூட வந்ததில்லை. இப்போது தரங்கம்பாடியில் தனியாக இருந்தாள், அண்ணன் மெட்ராஸில். எனக்கோ நாலாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் அம்மா ஒரு தடவையாவது இந்த வீட்டில் வந்து உட்கார்ந்து, அத்தை கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. அப்பாவோடு இந்தப் போக்குவரத்தும் நின்றுவிட்டால், பிறக்கப் போகிற பிள்ளைக்கு ஒரு பக்கத்துச் சொந்தம்தான் இருக்கும். அதனால் விடாமல் கெஞ்சி வரவழைத்தேன். நாள் பார்த்து அழைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதுதான் வினையாயிற்று. அம்மா பெட்டியோடு வந்து இறங்கியது நவம்பர் முதல் தேதி.

முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அத்தை வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தார். அம்மா ஜெபம் செய்துவிட்டுச் சாப்பிட்டாள், உப்பு சரியாக இருக்கிறது என்றாள். அம்மா வாயிலிருந்து அது வருவது பெரிய பாராட்டு. மறுநாள் காலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. அத்தைக்கு முட்டிவலி வேறு. கோவிலுக்குப் போகும்போது குடை பிடிக்க ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பிட்ட கையோடு பூனைபோல நழுவிவிட்டார். மத விஷயம் என்றால் அவருக்கு எப்போதும் வெளியே ஒரு வேலை இருக்கும். நான் கிளம்பினேன். பிள்ளைத்தாய்ச்சி வழுக்கி விழுந்துவிடுவாள் என்று அம்மாவும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். “நான் படிக்குக் கீழதான் நிப்பேன். உள்ள வர மாட்டேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

கோவில் படிக்கட்டுக்குக் கீழே நாங்கள் இருவரும் நின்றோம். அத்தை உள்ளே போனார், சற்று நேரத்தில் வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார். வாசலில் அவருடைய கூட்டாளிகளும் அப்படியே.

“என்னடி இது, இவங்க ஏன் வந்து வந்து போறாங்க?” என்றாள் அம்மா.

“உள்ள புழுக்கமா இருக்கும்மா. காத்து வாங்க வர்றாங்க.”

“இந்த மழையிலயா?”

எனக்கு வேறு பொய் கிடைக்கவில்லை. அதற்குள் அத்தை படியிறங்கி நேராக எங்களிடம் வந்தார். முகம் அப்படியொரு சந்தோஷத்தில் இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தியம்மா, நீங்க இருக்குறப்பவே செய்யணும்னு இத நிறுத்தி வெச்சிருந்தேன். இந்த நடை சம்பந்திக்கு.”

“எந்தச் சம்பந்திக்கு?”

“என்னங்க இப்படிக் கேக்குறீங்க. ஒங்க வீட்டுக்காரருக்குத்தான்.”

அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் வேதபாடம் நடத்தியவள். ஆர்.சி. நம்பிக்கைகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி; எதிராகப் பாடம் எடுப்பதற்காகக் கற்றுக்கொண்டவை. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

“அவரு எங்க இருக்காருன்னு நெனச்சீங்க?” என்று கேட்டாள்.

“உத்தரிக்கிற ஸ்தலத்துலதாங்க” என்றார் அத்தை. பேரன் பாஸாகிவிட்டான் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். குடையை மடக்கினாள். கொட்டுகிற மழையில் மடக்கின குடையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். திரும்பிப் பார்த்தேன். அத்தை அந்த நடையை விடவில்லை. மந்திரத்தை முணுமுணுத்தபடி கோவிலுக்குள் போய்க்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில், பொறையாறு ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது, காலையில்தான் வண்டி என்று சொல்லிவிட்டார்கள். அன்று எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தத் தண்ணீர்தான். அம்மா சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து, துணி மாற்றிக்கொண்டு, பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்தாள். “நீ பிரசவத்துக்கு வா. ஒனக்குச் செய்ய வேண்டியது செய்வேன். ஆனா இந்த வீட்டு வாசப்படிய நான் இனிமே மிதிக்க மாட்டேன். இங்கேருந்தும் வேற யாரும் அங்க வரவேண்டாம்” என்றாள். ராத்திரி சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. சமையலறைக்குள் போய் அத்தையிடம் வெடித்தேன். “எங்கப்பா ஒரு எறும்புக்குக்கூடக் கெடுதல் நெனைக்காத மனுஷன். அவரப்போயி நெருப்புல ஒக்கார வெச்சுட்டீங்களே அத்தை! அம்மா இனிமே இங்க வருவாங்களா?”

அத்தை திகைத்துப்போய்விட்டார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். “நெருப்புலயா? நான் ஒங்க மாமாவையே அங்கதானம்மா வெச்சிருக்கேன். மோசமான எடமா இருந்தா வெச்சிருப்பேனா?” என்றார். அவர் கண் கலங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை. போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் மழை விட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். குரும்பகரத்தில் வயல் வைத்திருக்கிற குடும்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். எங்கள் வீட்டுச் சண்டை எதுவும் அவருக்குத் தெரியாமல் நடந்ததில்லை. “இதுக்கா இவ்வளவு சண்டை? நாங்க அமாவாசைக்கு ஒரு எலையில சோறு வெச்சு காக்காயக் கூப்புடுவோம். வந்து கொத்துச்சுன்னா அவங்க சாப்ட்டாங்கன்னு அர்த்தம். அதோட எங்க வேலையப் பாக்கப் போயிடுவோம். நீங்களும் ஒரு காக்காய வெச்சுக்குங்களேன்” என்றார்.

“காக்காயெல்லாம் எங்களுக்குக் கெடையாதும்மா” என்றாள் அம்மா விறைப்பாக. அந்த ஒரு விஷயத்தில் அத்தையும் அம்மாவுடன் சேர்ந்து தலையாட்டினார். இருவரும் ஒரே பக்கம் நின்றுவிட்டதை இருவருமே கவனித்தார்கள். அந்தச் சந்தர்ப்பத்தை அத்தை நழுவவிடவில்லை.

“சம்பந்தியம்மா, ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க. எங்க சின்ன வயசுல எங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க தெரியுங்களா? ஒங்கள மாதிரி வேதத்துக்காரங்கள பதிதருங்கம்பாங்க, வழி தவறிப் போனவங்களாம். பதிதரு செத்தா நேரா நரகந்தான், செபம் பண்ணக்கூடாதும்பாங்க. நேத்து கோவில்ல அந்தப் பொம்பளைங்க எங்கிட்ட சண்டைக்கே வந்துட்டாங்க. பதிதருக்கு எப்படி நடை போவேன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், எம் மருமவளோட அப்பன் நரகத்துக்குப் போற ஆளு இல்ல, அவரு என் வீட்டுக்காரர் இருக்குற எடத்துலதான் இருப்பாரு, நான் பாத்துக்குறேன்னு சொன்னேன். ஒங்களுக்குக் கேவலம் பண்ணணும்னு செய்யலீங்க.”

அவர் அப்பாவைக் கீழே இறக்கிவிட்டார் என்று நாங்கள் கொதித்துக்கொண்டிருந்தோம். அவர் கணக்கில் பார்த்தால், சண்டை போட்டு மேலே ஏற்றியிருந்தார்.

அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நேரே நாற்காலிக்குப் போக மனமில்லை போலும். “நீங்க நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க. ஆனா அவரு அங்க இல்ல. சிலுவையில பக்கத்துல தொங்குன கள்ளனுக்கே அன்னிக்கே பரதீசு கெடச்சுது. இவருக்கு என்ன கொறை? அவரு கர்த்தர்கிட்ட இருக்காரு.”

“இருக்கட்டுங்க. அதைவிட என்ன சந்தோஷம்” என்றார் அத்தை.

“அப்ப நீங்க போன நடை வீண்தானே?”

“அதெப்படீங்க வீணாப் போகும்? அவருக்குத் தேவையில்லேன்னா வேற ஆத்துமாவுக்குப் போயிடும். யாரும் நெனைக்காத ஆத்துமாவுக்கு. பேரு சொல்ல ஒரு ஆளு இல்லாதவங்க எத்தன பேரு இருக்காங்க.”

அம்மா வேதபாடம் கேட்கிற தோரணைக்கு வந்துவிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அதாவது, நீங்க அவரு பேரச் சொல்லி அனுப்புறீங்க. அவரு, எனக்கு வேண்டாம்னு, பின்னால நிக்கிற யாரோ ஒருத்தருக்குக் குடுத்துடுறாரு?”

“ஆமாங்க. அப்படித்தான்.”

“யாருன்னே தெரியாத ஆளுக்கு?”

“தெரியாத ஆளுக்குத்தான்.”

அம்மாவின் உதடு கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். அப்பா போன பிறகு அம்மா சிரித்து நான் கேட்கவில்லை. “அங்க போயும் திருந்தலையா இந்த மனுஷன்!” என்றாள். “கல்யாண வீட்டுக்குப் போனா, நீங்க ஒக்காருங்க நீங்க ஒக்காருங்கன்னு ஊரையே பந்தியில ஒக்கார வெச்சுட்டு, கடைசியில ரசத்தையும் ஒடஞ்ச அப்பளத்தையும் சாப்ட்டு வருவாரு. பஸ்ஸுல முண்டியடிச்சு எடம் புடிச்சு வெச்சா, யாரோ ஒரு கெழவிக்குக் குடுத்துட்டு மாயவரம் வரைக்கும் தொங்கிக்கிட்டு வருவாரு. நான் திட்டாத நாள் உண்டா? இப்ப அங்கயும் போயி...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். அத்தை பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். முட்டிவலியோடு அவர் தரையில் உட்கார்ந்ததே அதிசயம்.

சற்றுப் பொறுத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆனா அவரு அங்க இல்ல” என்றாள்.

“இல்லீங்க” என்றார் அத்தை.

அதற்கு மேல் யாரும் விவாதிக்கவில்லை. அத்தை இட்லி ஊற்றினார். அம்மா முதல் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டு, சாயங்காலம் கிளம்பினாள். என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ சரியாக அந்த நேரத்துக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

பங்குனி வெயிலில் தரங்கம்பாடியில் எனக்குப் பெண் பிறந்தாள். அத்தை வந்து பத்து நாள் தங்கினார். எண்ணெய் காய்ச்சுவதிலும் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவதிலும் இரண்டு பேருக்கும் நடந்த சண்டையைப் பார்த்தால், உத்தரிக்கிற ஸ்தலம் ஒரு விஷயமே இல்லை என்று தோன்றும்.

அந்த வருஷம் நவம்பர் வந்தது. நான் அழைக்கவில்லை, மறுபடி வம்பை விலைக்கு வாங்க எனக்குத் தைரியமில்லை. அம்மா தானாகவே வந்து இறங்கினாள், பேத்தியைப் பார்க்க வேண்டும்போல இருந்தது என்று சொல்லிக்கொண்டு. மறுநாள் மத்தியானம் அத்தை முக்காடு போட்டதும் அம்மாவும் எழுந்தாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். மழையில்லை. அம்மா போன வருஷம்போலவே படிக்குக் கீழே நின்றாள்.

அத்தைக்கு முட்டி மிகவும் மோசமாகியிருந்தது. ஒவ்வொரு நடைக்கும் அதிக நேரம் எடுத்தது. அவர் தன் அம்மாவுக்குப் போனார், சின்னம்மாவுக்குப் போனார், மாமாவுக்குப் போனார். போகும்போதெல்லாம் உரக்கப் பேர் சொல்கிறவர், இந்தத் தடவை எங்கள் காதில் விழுந்தும் விழாமலும் முணுமுணுத்தார். கடைசியாகப் படியிறங்கி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“போலாங்களா சம்பந்தியம்மா?”

அம்மா நகரவில்லை. “எல்லாருக்கும் ஆச்சா?” என்று கேட்டாள்.

“ஆச்சுங்க.”

“அவருக்கு?”

அத்தை என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் சட்டையைச் சரிசெய்தேன். “இல்லீங்க. ஒங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு விட்டுட்டேன்” என்றார்.

“அவருக்கு வேண்டாம்தான். அவரு நல்லா இருக்காரு” என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் தயங்கினாள். “ஆனா நீங்க அவரு பேருல போகலேன்னா, அவரு யாருக்குக் குடுப்பாரு? பின்னால ஒருத்தரு நின்னுக்கிட்டு இருப்பாருல்ல. போயிட்டு வாங்க.”

“போறேங்க. படிதான் ஏற முடியல.”

அம்மா தன் செருப்பைக் கழற்றினாள். அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். வாசல்வரை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. இந்தத் தடவை கண்ணையும் மூடிக்கொள்ளவில்லை.

நான் பிள்ளையோடு வாசலில் நின்று பார்த்தேன். இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அத்தை ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைத் தொடங்கினார். அது இரண்டு வீட்டுக்கும் பொது என்பதால் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். ஆனால் ஆர்.சி.காரர்கள் தீமையிலிருந்து இரட்சிக்கக் கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நாங்கள் ராஜ்யத்தையும் வல்லமையையும் மகிமையையும் சொல்லித்தான் முடிப்போம். அத்தை முடித்துவிட்டார், அம்மா விடாமல் மேலே சொல்லிக்கொண்டு போனாள். அத்தை காத்திருந்தார். அம்மா ஆமென் சொன்ன பிறகுதான் மாதாவிடம் வேண்டுகிற அருள்நிறை மந்திரத்துக்குப் போனார். அதற்கு அம்மா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இப்படியே ஒருவர் மாற்றி ஒருவர் காத்திருந்து சொல்லிக்கொண்டு வந்ததில், கடைசித் தடவை அத்தையும் நிறுத்தாமல் மகிமைவரை அம்மாவோடு சேர்ந்தே சொல்லி முடித்தார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சாக்குச் சொல்ல அன்று மழைகூட இல்லை.